முருங்கை விதையும் தேற்றாங்கொட்டையும் நீரைத் தெளிய வைக்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஊரணி, கண்மாய், ஆற்று ஊற்று, மழைக்குப் பின் கலங்கிப்போன கிணறு ஆகியவற்றின் நீரைத் தேற்றாங்கொட்டையாலோ முருங்கை விதையாலோ தெளிய வைக்கும் வீடுகளிலிருந்து ஒரே வகையான புகார்கள்தாம் ஆண்டுதோறும் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கரைந்து நிற்கும் ஊரணிகளை நம்பியிருக்கும் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கங்களில் இவற்றை அதிகம் கேட்கலாம். இவற்றைத் தொடர்ந்து சரிசெய்து வந்ததில், ஒரு பங்கு குறை செய்முறையிலும் மறு பங்கு குறை நீரிலேயும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். செய்முறைக் குறையை வீட்டிலேயே நீக்கிவிடலாம். நீரின் குறையை எந்த விதையும் நீக்காது என்பதால், இரண்டையும் பிரித்தறிவதே இந்த வழிமுறையின் நோக்கம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சரியான செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்திலேயே முற்றிக் காய்ந்த முருங்கை நெற்றிலிருந்து விதையை எடுத்து, இறகையும் மேலோட்டையும் நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் உரலில் மாவாக இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். அந்த மாவை ஒரு டம்ளர் நல்ல நீரில் ஐந்து நிமிடம் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் வெண்மையான கரைசல் கிடைக்கும். அதைக் கலங்கல் நீரில் ஊற்றி, 1 நிமிடம் வேகமாகவும் பிறகு 5 முதல் 10 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, மூடி, 1 முதல் 2 மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். இலேசான கலங்கலுக்கு 4 லிட்டருக்கு 1 விதை, நடுத்தரக் கலங்கலுக்கு 2 லிட்டருக்கு 1 விதை, சேற்று நீருக்கு லிட்டருக்கு 1 விதை, அதைவிடக் கடுமையானால் லிட்டருக்கு 2 விதை என்பது தொடக்க அளவு. தேற்றாங்கொட்டையானால், சொரசொரப்பான கல்லிலோ மண்பானையின் உட்புறத்திலோ சிறிது நீர் விட்டு இழைத்த விழுதைக் குடத்து நீரில் கரைத்து, இதே முறையில் கலக்கித் தெளிய விட வேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு கொட்டை என்று தொடங்கலாம்.

அறிகுறி 1: கரைசல் சேர்த்தும் எதுவும் திரளவில்லை, நீர் பழையபடி கலங்கியே நிற்கிறது

*முதலில் விதையைப் பாருங்கள்*

இதற்குச் செலவு ஏதும் இல்லை, பெரும்பாலான வீடுகளில் குறை இங்கேயே அகப்பட்டுவிடும். சமையலுக்கு வாங்கிய பச்சை முருங்கைக்காயிலிருந்து எடுத்து உலர்த்திய விதையில், கலங்கலைத் திரட்டும் புரதம் போதிய அளவு உருவாகியிருக்காது. அவ்விதையை எவ்வளவு சேர்த்தாலும் பயன் இல்லை. நான்கைந்து விதைகளை உடைத்துப் பார்க்கும்போது பருப்பு வெள்ளையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். மஞ்சள் பூத்தோ, பூஞ்சணம் பிடித்தோ, எண்ணெய் காறிய வாடையுடனோ இருந்தால் அந்த விதைகளைக் கழித்துவிட்டு, புதிய நெற்றைத் தேடுங்கள். விதையை ஓட்டோடு காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் உடைப்பதே நல்ல பழக்கம். எண்ணெய் ஆட்டி எடுத்தபின் எஞ்சும் முருங்கைப் பிண்ணாக்கும் நீரைத் தெளிய வைக்கும் என்பதால், அது கிடைக்கும் இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

*அடுத்து, கரைசல் எப்போது செய்யப்பட்டது?*

உலர்ந்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கலாம். நீரில் கரைத்த பிறகு அதே நாளில் பயன்படுத்திவிட வேண்டும். நேற்றைய கரைசல் வலுவிழந்திருப்பதோடு, அதில் கிருமிகள் பெருகியும் இருக்கும். தேற்றாங்கொட்டை விழுதுக்கும் இதே விதிதான்.

*பிறகு, கலக்கிய விதம்*

கரைசலை ஊற்றிவிட்டு அகப்பையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் மருந்து ஒரு மூலையிலேயே நின்றுவிடும். முதல் நிமிட வேகம் கரைசலைப் பாத்திரம் முழுவதும் பரப்புகிறது. அதற்குப் பிந்திய நிதானமான கலக்கலே சிறு துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் நீர் தெளியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முறை முழுதாகச் செய்து பார்த்த பிறகே அளவை மாற்றும் யோசனைக்குப் போக வேண்டும்.

*அளவு பொருந்துகிறதா என்று சோதித்தல்*

மேற்கண்ட மூன்றும் சரியாக இருந்தும் தெளியவில்லையானால், அளவைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுச் சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான 1 லிட்டர் பாட்டில்கள் ஐந்தில் உங்கள் கலங்கல் நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். 10 விதைகளின் பருப்பு ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். அதை 200 மில்லி நீரில் கரைத்து வடிகட்டினால், அக்கரைசலின் ஒவ்வொரு 10 மில்லியும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பருப்புக்குச் சமம். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து முதல் பாட்டிலுக்கு ஒன்றும் சேர்க்காமல் விட்டு, மற்றவற்றுக்கு முறையே 5, 10, 15, 20 மில்லி சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே விதமாகக் குலுக்கி, வரிசையாக நிறுத்தி, 1 மணி நேரம் கழித்துப் பாருங்கள். எந்தப் பாட்டில் நன்கு தெளிந்திருக்கிறதோ அதுவே உங்கள் நீருக்குரிய அளவு. இரண்டு பாட்டில்கள் சமமாகத் தெளிந்திருந்தால் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு கூடக் கூட நல்லது என்ற எண்ணம் இங்கே தீங்கு செய்யும். தேவைக்கு மேல் சேர்த்தால் திரண்ட துகள்கள் மறுபடியும் பிரிந்து நீரில் மிதக்கத் தொடங்கும். ஊரணி நீரின் கலங்கல் மழைக்கு மழை மாறுவதால், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இதற்காகும் நேரத்தை வீண் என்று கருதுவோர்தாம் ஆண்டு முழுவதும் அரைகுறைத் தெளிவோடு காலம் கழிக்கிறார்கள்.

*நீர் போதிய அளவு கலங்கியிருக்கிறதா?*

கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் இது உண்மையான காரணம். கண்ணாடி போன்ற பெட் பாட்டிலில் நீரை நிரப்பி, நாளிதழின் தலைப்பு எழுத்துகள் மேல் நிறுத்தி, வாய் வழியாகக் கீழ்நோக்கிப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் கலங்கல் குறைவு. அந்நிலையில் துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிதாக இருப்பதால் விதை நன்றாக வேலை செய்யாது. நைல் ஆற்றின் வெள்ளநீரைச் சூடான் நாட்டுப் பெண்கள் முருங்கை விதையால் தெளிய வைக்கும் வழக்கத்தை ஆய்வாளர் சாமியா அல் அசாரியா யான் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு சேறு சுமந்த நீரில் சிறப்பாகப் பயன்படும் அதே விதை, கோடைக் கிணற்றின் மங்கலான நீரில் ஏமாற்றுவதற்குக் காரணம் இதுதான். இத்தகைய நீருக்கு விதையை விட்டுவிட்டு, நேரே துணி வடிகட்டல், மணல் வடிகட்டல், கொதிக்க வைத்தல் என்று செல்லுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் எந்தப் பாட்டிலும் தெளியவில்லையா? அப்படியானால் குறை நீரில் இருக்கிறது. சோப்பு நுரை, சாக்கடை, சாயக் கழிவு ஆகியவற்றில் எது கலக்கிறது என்று மூலத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். அவை கலந்த இடத்து நீரைக் குடிப்பதற்காக எடுப்பதையே நிறுத்துங்கள். உப்பு நீரில் விதையைக் கரைத்தால் வலு கூடும் என்பது ஆய்வகங்களில் கண்டறியப்பட்டதுதான்; ஆனால் ஏற்கெனவே உவர்ப்பான நிலத்தடி நீரில் வாழும் மக்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி 2: துகள்கள் திரள்கின்றன, ஆனால் அடியில் படியாமல் மிதக்கின்றன

பாத்திரம் இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயில் படும் திண்ணையில் வைத்த குடத்தில் ஒரு பக்கம் சூடேறி நீர் உள்ளுக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். நிழலில், யாரும் இடறாத இடத்தில், மூடி வைத்துப் பாருங்கள். இறுத்தெடுக்கும்போது குடத்தைச் சாய்த்தால் படிந்த வண்டலும் எழுந்துவிடும் என்பதால், அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் குழாய் வைத்த பாத்திரமோ, மேலிருந்து மெல்ல இறுத்தும் ரப்பர் குழாயோ வைத்துக்கொள்வது நல்லது.

இடம் சரியாக இருந்தும் மிதந்தால், மிதப்பதன் நிறத்தைக் கவனியுங்கள்.

*மண் நிறத்தில், பஞ்சு போலச் சிறு சிறு துகள்கள்:* மெதுவான கலக்கல் போதவில்லை, அல்லது கடைசி வரை வேகமாகக் கலக்கியதால் திரண்டவை உடைந்துவிட்டன. மெதுவான பகுதியை 10 நிமிடமாக நீட்டி, தெளிய விடும் நேரத்தையும் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

*வெண்மையான பொடி:* கரைசலைத் துணியில் வடிகட்டாமல் மாவோடு ஊற்றியிருக்கிறார்கள். தெளிவைத் தூய வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டினால் போதும்.

*பச்சை நிறம்:* பாசி. இது மண் துகளைப் போல எளிதில் படியாது. அறிகுறி 5-ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: தெளிந்த நீர் மறுநாள் வாடை அடிக்கிறது, அல்லது வழுவழுப்பாகிறது

விதையிலிருந்து நீருக்குள் இறங்கும் புரதமும் மாவுப்பொருளும் நீரிலேயே தங்கிவிடுகின்றன. கிருமிகளுக்கு அவையே உணவு. ஆகவே விதையால் தெளிந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அன்றாடத் தேவைக்கு மட்டும் தெளிய வைத்துக்கொள்வதே பெரும்பாலான வீடுகளில் இந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது.

அதற்கு முன்னதாகவே வாடை வந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். தெளிவை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் வண்டலின் மேலேயே விட்டு வைத்திருக்கலாம். விதை அளவு கூடியிருக்கலாம். பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்து குறைத்துப் பாருங்கள். மண்பானையின் உட்சுவரில் பழைய விழுதும் பாசியும் படிந்திருக்கலாம். நாரால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் விட்டு அலசி, வெயிலில் உலர்த்தி எடுங்கள். இவற்றுக்குப் பிறகும் வாடை நீங்கவில்லை என்றால், தேங்காய் ஓட்டிலிருந்து செய்த செயலூட்டிய கரியை (நுண்துளைகள் பெருகும்படி பதப்படுத்திய கரி) நிரப்பிய வடிகட்டி உதவும். அடுப்புக் கரியை இடித்துப் போடுவது ஓரளவுக்கே பயன் தரும். எந்தக் கரியும் நாளடைவில் நிரம்பிவிடும் என்பதையும், மாற்றாமல் விட்ட கரியே கிருமிகளின் இருப்பிடமாகும் என்பதையும் மறக்கக் கூடாது. வெட்டிவேரைப் பானையில் போட்டால் மணம் கூடும். கெட்ட வாடையை அது மூடி மறைப்பதால், வாடை வரும் நீரில் அதைப் போடாதீர்கள்.

அறிகுறி 4: நீர் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது, ஆனால் வீட்டில் வயிற்றுப்போக்கு வருகிறது

இந்த அறிகுறிக்காகவே நான் இந்த வழிமுறையை எழுத முற்பட்டேன். கலங்கல் படியும்போது அதனோடு ஒட்டிய கிருமிகளில் பெரும்பகுதியும் படிந்துவிடுவது உண்மை. எஞ்சிய சிறு பகுதி குழந்தையையும் முதியவரையும் படுக்கையில் தள்ளப் போதுமானது. தெளிவைத் தூய்மை என்று எண்ணிக் குடிப்பதால் வரும் நோய்க்கு விதையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அடுத்த படியைச் செய்யாமல் விட்டதே காரணம்.

நோயாளி இருக்கும்போது நீரைச் சோதிப்பதற்கு முன் அவரைக் கவனியுங்கள். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றைக் கரைத்து அடிக்கடி கொடுங்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், கண் குழிதல், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பிறகு வரிசையாகச் சரிபாருங்கள்.

*கொதிக்க வைக்கிறீர்களா?* தெளிந்த நீர் நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடமாவது கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பாக்கி இறக்குவதைக் கொதிக்க வைத்ததாகக் கொள்ள முடியாது.

*விறகுக்கும் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடா?* தெளிந்த நீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி, கிடையாகக் கூரை மேல் நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைக்கலாம். மேகமூட்டம் இருந்தால் இரண்டு நாள் வேண்டும். நாளிதழ் எழுத்துச் சோதனையில் தேறிய தெளிவு இருந்தால்தான் இது பயன்படும். கலங்கிய நீருக்குள் வெயில் ஊடுருவாது.

*குளோரின் மாத்திரை போடுகிறீர்களா?* எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. விதைக் கரைசலோடு சேர்த்துப் போட்டால், விதையின் கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடும். தெளிய வைத்து, இறுத்து, துணியில் வடிகட்டிய பிறகே, உறையில் குறிப்பிட்ட அளவில் போட்டு, 30 நிமிடம் மூடி வைக்க வேண்டும். முடிவில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் இருக்கும் குளோரின் சோதனைப் பெட்டியைக் கொண்டு இதைப் பார்த்துவிடலாம்.

*இவை எல்லாம் சரியா?* அப்படியானால் பாத்திரத்தையும் கையையும் பாருங்கள். குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளும் வீட்டில், கொதிக்க வைத்த நீரும் மாலைக்குள் மாசுபட்டுவிடும். கைப்பிடி நீண்ட செம்போ, குழாய் வைத்த பாத்திரமோ வேண்டும்.

ஐயம் தீரவில்லை என்றால், ஊராட்சியின் நீர்ப் பரிசோதனைப் பெட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டிலில் குறியிட்ட அளவு நீரை நிரப்பி, மூடி, 24 முதல் 48 மணி நேரம் அறை வெப்பத்தில் வையுங்கள். நீர் கருத்தால் கழிவுக் கிருமி கலந்திருக்கிறது என்று பொருள். ஒரே மூலத்து நீரைக் குடிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திராமல் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

அறிகுறி 5: கலங்கல் போய்விட்டது, நிறம் போகவில்லை

*தேநீர் போன்ற பழுப்பு:* இலைதழை அழுகிய குளத்தில் இது வழக்கம். விதை ஓரளவு குறைக்கும். செயலூட்டிய கரி மேலும் குறைக்கும்.

*எடுத்தபோது தெளிவு, வைத்தபின் செம்மஞ்சள்:* ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள இரும்பு காற்றுப் பட்டு வெளிவருகிறது. ஒரு குடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றி, ஒரு இரவு வைத்து, மணலில் வடிகட்டினால் பெரும்பாலும் சரியாகும். விதைக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

*பச்சை:* மெல்லிய பாசியாயின் துணியில் வடிகட்டிய பிறகு விதை சேர்க்கலாம். பெயிண்ட் ஊற்றியது போலப் பச்சையோ நீலப்பச்சையோ ஏடு படர்ந்திருந்தால் அந்நீரைத் தொடவே வேண்டாம். அவ்வகை நுண்ணுயிரி சில நேரம் வெளியிடும் நச்சைக் கொதிக்க வைத்தும் அழிக்க முடியாது. கால்நடைகளையும் அங்கே இறக்காதீர்கள்.

*சாய நிறம், அல்லது மினுக்கும் எண்ணெய்ப் படலம்:* நொய்யல் கரையின் சாயக் கழிவு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் கழிவு ஆகியவை பாதித்த கிணறுகளில் வீட்டு முறை எதையும் முயல வேண்டாம். விதைகள் சில உலோகங்களைப் பற்றிக்கொள்வதாக ஆய்வகங்களில் காட்டப்பட்டிருப்பது, அந்நீரைக் குடிக்கத் தகுந்ததாக்காது.

அறிகுறி 6: சுவை சரியில்லை

உவர்ப்பா, கசப்பா என்று முதலில் பிரித்தறியுங்கள். உவர்ப்பானால் விதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கரைந்த உப்பை முருங்கையோ தேற்றாங்கொட்டையோ அகற்றாது. அதைப் போலவே சுவையில் தெரியாத புளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும், கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர், பல்லில் கறை தெரிகிறதோ இல்லையோ, புளோரைடைச் சோதித்தே ஆக வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடோ, 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டோ இருந்தால் வேறு மூலத்தைத் தேடுவதே வழி. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரில் நைட்ரேட் மிகவும் ஆபத்தானது.

தேற்றாங்கொட்டை சேர்த்த பிறகு கடுங்கசப்பு வந்தால் அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொட்டையை எடுத்துப் பாருங்கள். தேற்றா மரமும் எட்டி மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எட்டிக்கொட்டை கொடிய நஞ்சு. எட்டிக்கொட்டை சட்டைப் பொத்தானைப் போலத் தட்டையாக, வட்டமாக, சாம்பல் நிறத்தில், பட்டு போன்ற மயிரோடு இருக்கும். தேற்றாங்கொட்டை அதைவிடச் சிறியது, திரண்ட வடிவம் உடையது, வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமானது. நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் பரப்பிப் பாருங்கள். ஐயமுள்ள ஒன்றுகூடக் கல்லில் ஏறக் கூடாது. கசந்த நீரைக் குடித்தவருக்குத் தசை இறுக்கமோ துடிப்போ தோன்றினால், ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், கொட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி 7: மணல் வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது

தெளிய விடாமல் கரைசல் சேர்த்த நீரை நேரே வடிகட்டியில் ஊற்றுவதுதான் காரணம். படிந்த பிறகு ஊற்றுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் மேல் மணலில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு எடுத்துக் கழுவி உலர்த்திப் போட்டால் போதும். அடி வரை சேறு இறங்கியிருந்தால் முழு மணலையும் மாற்றுங்கள். அடியில் படியும் கசடை வாசலில் கொட்டாமல் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம்.

யாரை, எப்போது அழைப்பது

சாய நிறம், எண்ணெய்ப் படலம், பச்சை ஏடு, மீன்கள் செத்து மிதத்தல், சோதனைப் பாட்டில் திரும்பத் திரும்பக் கருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் வீட்டு முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கக் கொடுங்கள். தொழிற்சாலைக் கழிவு என்று ஐயம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் அளியுங்கள்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். இரசாயனச் சோதனைக்கு, அதே நீரால் மூன்று முறை அலசிய 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலை மட்டுமே பயன்படுத்தி, அதை அலசாமல், வாயின் உட்புறத்தில் விரல் படாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். விதை சேர்ப்பதற்கு முந்திய நீரையும், சேர்த்துத் தெளிந்த நீரையும் தனித்தனியாக, பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக் கொடுத்தால், குறை மூலத்திலா வீட்டுக்குள்ளா என்பதை அறிக்கையைப் பார்த்தவுடன் ஆய்வாளர் சொல்லிவிட முடியும்.